கொல்லிமலைப் பாட்டியார்
(ஈவ்லின் பிராண்டு அம்மையார் சரிதம்)

நாமக்கல் ஜில்லாவில், கொல்லிமலையின் அடிவாரத்துள்ள காரவள்ளியிலிருந்து புறப்படும் மலைச்சாலை 70 கொண்டையூசி வளைவுகளைச் சுற்றிச் சோளக்காட்டைச் சென்றடைகின்றது. பலா, வாழை, அன்னாசி, மிளகு முதலிய மலைச்சரக்குகள் வந்து குவியும் அவ்வூர்ச் சந்தையையும், அதற்கப்பால் அறப்பளீசுவரர் ஆலயத்தையும் ஆகாயகங்கை அருவியையும் காணச் செல்வோர் மோட்டார் வண்டியில் அமர்ந்தவாறே மலையேறிவிடுகின்றனர். வளைவுகளில் உண்டாகும் தலைச்சுற்றல் ஒன்றே அவர்கள் படும் துன்பம். 1913-ஆம் ஆண்டில் இச்சாலை இல்லை. சமவெளியார் அம்மலைக்குச் செல்லவே அஞ்சினர். கொல்லிப்பாவையைப் பற்றிய கதைகள் பல வழங்கினும், ஏறினவர்களை மெய்யாகக் கொன்றது மலைக்காய்ச்சலே. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் மணம் முடித்துக்கொண்ட ஓர் ஆங்கிலேய மாது, மணக்கோலத்து உடையுடனேயே, பெருமழையில் நனைந்துகொண்டு, கால்நடையாக அம்மலை மீது ஏறினார். அப்போது அவருக்கு வயது 34. அவருடைய கல்லறை இன்று அம்மலையிலேயே இருக்கின்றது.

இவரே ஈவ்லின் பிராண்டு அம்மையார். 1976-இல் டாரதி கிளார்க் வில்ஸன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இவர் சரிதத்தை நூலாக வெளியிட்ட பின்னர், கிறிஸ்தவ உலகத்தார் பலரும் இவரைப் பிராண்டுப் பாட்டியார் என்றே அறிவர். இவருடைய சமய ஊழியமும் வைத்திய ஊழியமும் அந்நூலாலும், இவர் குமாரர் டாக்டர் பால் பிராண்டின் நூல்களாலும் நன்கு விளங்கியவை. யாம் இங்கு எழுதப் புகுந்தது சிறிது வேறானது. மனம் உடைந்தோர்க்குச் செய்யப்படும் உதவி அவர்க்கு மெய்யாகவே உதவியாக இருந்ததா என்பதை, உதவி செய்தவரிடமன்றி உதவி பெற்றவரிடமே கேட்டறியும் ஆராய்ச்சி இந்நாளில் மனநல வைத்தியத்தில் வளர்ந்து வருகின்றது. வைத்தியர் எழுதி வைக்கும் குறிப்பு ஒன்றாகவும், நோயாளி சொல்லும் வரலாறு மற்றொன்றாகவும் இருத்தலைக் கண்டமையே இதற்குக் காரணம். 1908-இல் கிளிபோர்டு பீர்ஸ் என்னும் அமெரிக்கர், மூன்று மனநோய் விடுதிகளில் தாம் அடைபட்டுக் கிடந்த காலத்து அநுபவங்களைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே மனநலத்தைப் பேணுவதற்கென அந்நாட்டில் ஒரு தேசியச் சங்கம் தோன்றிற்று. நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு அத்தனை வலிமை உண்டென உலகம் கண்டது அப்பொழுதே.

ஈவ்லின் அம்மையார் மனநோயாளர் அல்லர். ஆயினும் துயரத்தால் மனம் முறிந்த ஒருவர். அவருக்கு அன்பர்கள் செய்ய விரும்பிய உதவியும், அவர் தமக்கென்று தாமே தெரிந்துகொண்ட மருந்தும் ஒன்றுக்கொன்று முற்றும் மாறானவை. அதனாலேயே அவர் சரிதத்தை இந்த நோக்கோடு மீண்டும் பார்த்தல் தகும் என்று எண்ணினோம்.

1879-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் செல்வம் மிக்க வணிகர் ஒருவரின் பெரிய குடும்பத்தில் இவர் பிறந்தார். ஓவியக் கலை பயின்றவர். நல்ல உடையிலும் அழகிய பொருள்களிலும் விருப்பம் உடையவர். முப்பது வயதை அடையும் வரையில் அவர் வாழ்க்கை அக்காலத்துச் செல்வக் குடிப் பெண்களின் வாழ்க்கையாகவே சென்றது. இந்தியாவில் ஊழியம் செய்துவந்த ஜெஸ்ஸி பிராண்டு என்னும் இளைஞர் தாய்நாடு சென்றிருந்தபோது கொல்லிமலையைப் பற்றிச் செய்த சொற்பொழிவைக் கேட்டது அவ்வாழ்க்கையைத் திருப்பிற்று. தகப்பனாருக்கு விருப்பமில்லை. இருப்பினும் மகள் சென்னைக்குக் கப்பலேறினார்.

ஜெஸ்ஸி துரை கட்டடத் தொழில் பயின்றவர். லண்டனில் மிஷனெரிகளுக்கென நடத்தப்பட்ட லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு வைத்தியப் பயிற்சியும் பெற்று, 1907-இல் பாப்திஸ்து மிஷனைச் சார்ந்து சேலம் ஜில்லாவுக்கு வந்தார். முறையான வைத்தியப் பட்டம் அவருக்கு இல்லை. மலையின் மேல் வாழவந்தியில் தம் மனைவிக்கென அவர் அமைத்த வீடும் அவருடைய தொழிலறிவுக்குச் சான்று: மரச்சட்டங்களைச் சமவெளியிலேயே அறுத்துப் பொருத்திப் பார்த்து, பின் பிரித்து, கூலியாட்களின் தலைச்சுமையாக மலைமேல் ஏற்றிக் கரையான் ஏறாவண்ணம் கால்களின் மேல் நிறுத்தினார்.

அம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர் என்னும் பொருளில் தமிழ் பேசும் மலைக்குடிகளுக்கு வழங்குவது. நாடுகள் என்னும் பிரிவுகளாக அமைந்த ஊர்களில் தினையும் சாமையும் கேழ்வரகும் நெல்லும் விளைவித்து வாழ்ந்த அம்மக்கள், புதிதாய் வந்த வெள்ளைக்காரத் தம்பதிகளை உடனே நம்பிவிடவில்லை. நம்பாததில் வியப்பும் இல்லை. மலைக்கு வெளியேயிருந்து அதுகாறும் அவர்களிடம் வந்தவர் பெரும்பாலும் வரி கேட்போரும் கடன் கொடுப்போருமே ஆவர். பல்வலியால் துடித்தவர்களுக்கு ஜெஸ்ஸி துரை பல்லைப் பிடுங்கினார். புண்களைக் கழுவிக் கட்டினார். மருந்தை வாங்கிக்கொண்ட மக்கள் மனத்தை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டனர்.

அக்காலத்தில் மலையூர்களை வாட்டிய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. குடிநீரில் உள்ள கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்களின் வழியே உடலுட் புகுந்த கிருமி ஓராண்டளவில் இரண்டு மூன்று அடி நீளப் புழுவாக வளர்ந்து, கால் முதலிய இடங்களில் தோலைத் துளைத்து வெளிவரும். அதனை இழுத்து அறுத்துவிட்டால் உள்ளேயே அழுகிப் பெருந்தீங்கு விளைக்கும். ஆதலால் ஒரு சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றியே வெளிக்கொணர வேண்டும். ஜெஸ்ஸி துரை பொறுமையோடு அவ்வாறு செய்துவந்தார். அத்துடன் நில்லாமல், நோயின் காரணம் மக்கள் இறங்கி நின்று நீர் மொண்ட கிணறுகளே என்பதை அறிந்து, கிணற்றுக்குச் சுவர் எழுப்பவும் தண்ணீரைத் துணியில் வடித்துக் குடிக்கவும் ஊரூராகச் சென்று சொன்னார். மக்கள் ஏன் அந்நீரில் இறங்குகின்றனர், எவ்வழக்கத்தை விடுவார், எதனை விடார் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசித் தெரிந்த பின்னரே இவ்வறிவுரை பயன் தந்தது. மருந்து கொடுப்பதினும் கேட்டறிதல் கடினமான வேலை. இந்தியா முழுவதும் இந்நோய் அடியோடு ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2000-ஆம் ஆண்டில் என்பதை நினைக்கும்போது, அம்மலையில் நடந்த முயற்சி எவ்வளவு முற்பட்டது என்பது விளங்கும்.

மக்களின் மனக்கதவு திறந்தது முதல் உலக மகாயுத்தத்தின் இறுதியில் வந்த இன்புளூயன்ஸா என்னும் கொள்ளைக்காய்ச்சலின்போது. நோய் கண்ட வீட்டாரை விட்டு அயலார் ஓடினர். ஈவ்லின் அம்மையாரும் கணவரும் குடம் குடமாகக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் சென்று ஊட்டினர். அதுவரையில் அவர்களைக் கடுமையாக எதிர்த்து நின்ற மலைப் பூசாரி ஒருவரும் நோயில் வீழ்ந்தார். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் இவ்விருவரே. இறக்குந் தறுவாயில் அப்பூசாரி தம் பச்சிளங் குழந்தையை இவர்கள் கையில் ஒப்புவித்தார். காய்ச்சலைத் தணிக்கும் மருந்து அப்போது எவரிடமும் இல்லை. அவர் பெற்றதெல்லாம் தனியே சாகாமல் ஒருவர் அருகிருக்கச் சாகும் ஆறுதல் மட்டுமே. ஆனால், தம் பிள்ளையை யாரிடம் விடலாம் என்று முடிவு செய்ய அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அச்செய்தி மலை முழுதும் பரவிற்று.

இவ்விடத்தில் அம்மையாரின் வாழ்வில் வேறொரு பக்கத்தையும் மறைக்காமல் கூறவேண்டும். பால் என்னும் மகன் 1914-லும், கானி என்னும் மகள் அதற்கு இரண்டாண்டு கழித்தும் பிறந்தனர். மரமேறியும் ஓடையில் ஆடியும் வளர்ந்த அப்பிள்ளைகளை 1923-இல் பெற்றோர் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, படிப்பின் பொருட்டு உறவினர் வீட்டில் விட்டுத் தாங்கள் மட்டும் மலைக்குத் திரும்பினர். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. மிஷனெரிக் குடும்பங்களில் அந்நாளில் இது வழக்கமே; எனினும் வழக்கம் என்பதனால் வலி குறைந்துவிடாது. அப்பிரிவின்போது தமக்குள் ஏதோ ஒன்று செத்துப்போயிற்று என்று அம்மையார் பின்னாளில் மகனிடம் கூறியதுண்டு. பிள்ளைகளிடம் விருப்பம் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. பெரியோர் செய்த தியாகத்தைப் புகழும் நூல்கள் சிறியோர் செலுத்திய விலையை ஒரு வரியில் கடந்துவிடுவது முறையன்று என்பது எம் கருத்து.

தகப்பனாரைப் பால் பிறகு காணவேயில்லை. 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலைக்காய்ச்சல் முற்றிக் கருநீர்க் காய்ச்சலாக மாறி, ஜெஸ்ஸி துரை தமது 44-ஆவது வயதில் உயிர் துறந்தார். லண்டனில் இருந்த பிள்ளைகளுக்குத் தந்தி மூலம் செய்தி எட்டியது. தந்தி விரைவில் வந்தது; கடிதங்களோ கப்பலில் வாரக்கணக்காக மிதந்து வருபவை. ஆதலின் தந்தையார் இறந்த செய்தி வந்த பின்னரும், அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருந்தன. மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி வழக்கம்போல் மகிழ்ச்சியோடு எழுதப்பட்ட அக்கடிதங்களைப் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் கையில் வைத்துக்கொண்டு எத்தகைய மனநிலையில் இருந்திருப்பான் என்பதை நம் மாணவ நண்பர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

ஈவ்லின் அம்மையார் பின்னர்த் தாய்நாடு சென்றார். துறைமுகத்தில் அவரைக் கண்ட மகன் திகைத்துப்போனதைத் தம் நூல்களில் எழுதியிருக்கின்றார். அவர் நினைவில் இருந்த தாய் உயரமும் அழகும் சுறுசுறுப்பும் உடையவர். கப்பலின் படிக்கட்டைப் பற்றிக்கொண்டு இறங்கி வந்தவரோ கூனிக் குறுகித் தலை நரைத்த ஒரு மூதாட்டி. ஐம்பது வயதில் அவர் அப்படி ஆகிவிட்டிருந்தார். துயரம் நீங்காமல் நீண்டு உடலையும் அறிவையும் முடக்கும் நிலையை இந்நாள் வைத்தியர் ஒரு தனி நோயாகவே கொள்கின்றனர். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் வாழ்ந்த ஒருவருக்கு இன்று நாம் நோய்ப்பெயர் சூட்டுதல் தகாது. ஆயினும் அவருக்கு உதவி தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை.

அந்நாளில் அத்தகைய உதவி எங்கே கிடைத்திருக்கும்? இந்தியாவில் அப்போது நடந்துவந்த சட்டம் 1912-ஆம் ஆண்டுப் பைத்தியக்காரர் சட்டம். அது மாஜிஸ்திரேட்டின் உத்தரவையும் அடைத்து வைப்பதையும் பற்றிப் பேசிற்றேயன்றி, அடைபட்டவரின் விருப்பத்தைப் பற்றிப் பேசவில்லை. சென்னையில் 1794-இல் வாலண்டைன் கானலி என்னும் வைத்தியர் தொடங்கிய விடுதியின் வழிவந்து, 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. மற்றபடி மனம் பேதலித்தவர்களைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ கொண்டுபோய் விடுதலே நாட்டு வழக்கம். அவ்விடங்களில் ஆறுதல் பெற்றவரும் உண்டு. சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவரும் உண்டு. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கிய கொட்டகை தீப்பற்றியபோது, கட்டப்பட்டிருந்த காரணத்தால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டதை நாடு மறக்கவில்லை. துக்கத்தால் நொந்த ஒரு விதவைக்கு இவ்விரு வாயில்களும் உரியன அல்ல. இங்கிலாந்தில் அவருக்குக் கிடைத்தது உறவினரின் அன்பும், அவ்வன்பு சொன்ன அறிவுரையுமே. இனி மலைக்குப் போகவேண்டாம், அங்கே நினைவுகள் வாட்டும், இங்கே ஓய்ந்திரு என்பதே அவ்வறிவுரை. அறிவுக்குப் பொருத்தமானதாகவே தோன்றுகிறது. ஆனால் அம்மையாரோ, நினைவுகள் வாட்டும் இடம் எதுவோ அவ்விடத்துக்கே போகவேண்டும் என்றார்.

அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். ஆனால் மிஷன் சங்கத்தார் அவரைக் கொல்லிமலைக்கு அனுப்பவில்லை. சமவெளியிலேயே வேலை நியமித்தனர். சங்கத்தார் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. வயதேறிய ஒரு பெண்மணியை வைத்தியர் எளிதில் எட்ட முடியாத காய்ச்சல் மலையில் தனியே விடுவது எங்ஙனம்? ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் இன்னொரு கல்லறை தோண்ட அவர்கள் விரும்பவில்லை. அம்மையார் கீழ்ப்படிந்தார், கிடைத்த விடுமுறைகளிலெல்லாம் மலைக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கினார். இவ்வாறு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. கொல்லிமலையுடன் கல்வராயன், பச்சைமலை முதலிய ஐந்து மலைகளிலும் ஊழியம் செய்வது என்று தாமும் கணவரும் இளமையில் செய்துகொண்ட தீர்மானத்தை அவர் ஒருநாளும் கைவிடவில்லை.

ஓய்வு பெறும் வயது வந்தது. அறுபத்தெட்டாம் வயதை ஒட்டி, ஓராண்டு மட்டும் மலையில் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வேண்டிக்கொண்டு அனுமதி பெற்றார். ஆண்டு முடிந்தது, சங்கத்தார் பிரிவுபசாரம் நடத்தினர். அப்பொழுது அம்மையார், தாம் மிஷன் வேலையிலிருந்து மகிழ்ச்சியோடு ஓய்வு பெறுவதாகவும், மலையில் தங்குவது இனித் தமது சொந்த விஷயம் என்றும் தெரிவித்தார். சங்கத்தாரின் முகங்கள் எவ்வாறிருந்தன என்று கற்பனை செய்துகொள்ளலாம். தாம் எதனால் உயிர்த்திருக்கக் கூடும் என்பதை அவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால், இந்தச் சிறு சூழ்ச்சி அவருக்குத் தேவைப்பட்டிராது.

அதன் பிறகு நடந்தது வியப்பானது. ஐம்பது வயதில் கிழவியாய்க் கப்பலிலிருந்து இறங்கியவர், எழுபது வயதில் மட்டக்குதிரை மீதேறி ஊர் ஊராய்த் திரிந்தார். மருந்துப் பெட்டியும் வேதப் புத்தகமும், எளிதிற் பெயர்த்துக் கொண்டுசெல்லும் கூடாரமுமே அவர் உடைமைகள். கஞ்சா பயிரிட்டு விற்றவர்களோடு சண்டையிட்டார். ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். குதிரையிலிருந்து பல தடவை விழுந்தார், எலும்புகள் முறிந்தன, தலையில் பட்ட அடியினால் நடையின் சமநிலை கெட்டது. இரு கைகளிலும் மூங்கிற் கோல்களை ஊன்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அவர் சாந்தமான மூதாட்டி என்று எண்ணிவிடவேண்டாம். பிடிவாதமும் கட்டளையிடும் குணமும் அவரிடம் நிறைய உண்டு. அவரோடு சேர்ந்து வேலை செய்தல் எளிதாயிருந்திராது. தம் கடைசி இருபது ஆண்டுகளில் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவே மறுத்துவிட்டார். ஒருகாலத்தில் லண்டனில் அழகிய உடைகளை விரும்பிய ஓவியப் பெண் இவர்தாம்.

எழுபத்தைந்தாம் வயதில் தம் குடிசையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இரவு முழுதும் தரையிலேயே கிடந்தார். காலையில் வந்தவர்கள் கண்டெடுத்து, டோலியில் மலையிறக்கி ஜீப் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றனர். 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை வைத்தியராயிருந்த மகன் பால், இதுவே தக்க தருணமென்று கருதித் தாயைப் பார்க்க மலைக்குச் சென்றார். வைத்தியர் அருகில் இல்லை, வயதோ மிகுதி, கீழே வந்துவிட்டால் பாதுகாப்பு உண்டு என்று காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டு போனார். தாயார் எல்லாவற்றையும் தள்ளினார். தாம் போய்விட்டால் புண்ணைக் கட்டுவது யார், பல்லைப் பிடுங்குவது யார் என்று திருப்பிக் கேட்டார். இந்த முதிய உடலைத் தேவன் குறித்த வேலைக்குப் பயன்படுத்தாமல் காப்பாற்றி வைத்து என்ன ஆகப்போகிறது என்பது அவருடைய எண்ணம். பால் அவ்வளவில் வாதத்தை விட்டார்.

அவர் விட்டதற்குத் தாயின் பிடிவாதம் மட்டும் காரணமன்று என நாம் கருதுகிறோம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேலூரில் அவரே ஒரு பாடம் பெற்றிருந்தார். குஷ்டநோயால் மடங்கிப்போன கைவிரல்களை அறுவை வைத்தியத்தால் நிமிர்த்தும் முறையை அவர் கண்டுபிடித்துச் செய்துவந்தார். கைகள் நேராயின, வைத்தியர்களுக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் சிகிச்சை பெற்றுச் சென்றவர்களுள் சிலர் திரும்பி வந்து, இக்கைகள் நல்ல கைகள் அல்ல என்று முறையிட்டனர். முன்போ, மடங்கிய விரல்களைப் பார்த்தவர்கள் இரங்கிப் பிச்சை இட்டனர். இப்போது பிச்சையும் இல்லை, குஷ்டரோகி என்னும் பெயர் இருப்பதால் வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை. கையைச் சரிசெய்தவர்கள் அக்கைக்கு உரியவரின் வாழ்க்கையை விசாரிக்க மறந்துவிட்டனர். இம்முறையீட்டைக் கேட்ட பின்னரே கல்லூரி நிலத்தில் நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பு ஏற்பட்டு, அவர்களுக்குத் தச்சு முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. பால் இளமையில் பயின்ற கட்டடத் தொழில் இவ்வாறு உதவிற்று. நோயாளி வந்து குறை சொல்லாதிருந்தால், வைத்தியம் வெற்றி பெற்றதாகவே ஏட்டில் நின்றிருக்கும். இதனைக் கண்ட ஒருவர், தம் தாயின் வாழ்க்கைக்கு எது நலம் என்பதைத் தாயின் வாயாலேயே கேட்டு நின்றதில் வியப்பில்லை.

அதே வேலூரில், பாகாயம் என்னும் பகுதியில், 1950-களில் மனநல நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே நோயாளியைத் தனியே விட்டுச் செல்லும் வழக்கம் இல்லை. குடும்பத்தார் ஒருவரேனும் உடன் தங்கிச் சமைத்துப் பேணவேண்டும். பஞ்சாபில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரித் தலைவராயிருந்த டாக்டர் வித்யாசாகர், வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பத்தாரை நோயாளியோடு தங்க வைத்து நல்ல பயன் கண்டிருந்ததும் அக்காலத்ததே. பூட்டிய கதவுகளுக்குள் கிடந்த வைத்தியம் இவ்வாறு உறவினர் நடுவே வந்தது. பின்னர்ச் சட்டமும் மெல்ல நடந்து வந்து சேர்ந்தது: 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1987-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனிடத்தில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஏற்பட்டன. தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் தெளிந்த நிலையில் முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமை இக்கடைசிச் சட்டத்தில்தான் கிடைத்தது. சோளக்காட்டிலிருந்து ஒரு மனநோயாளியையும் அவர்க்குத் துணையாக ஒருவரையும் 70 வளைவுகள் இறக்கி அழைத்துச் செல்வதற்கு ஆகும் பஸ் சத்தத்தையும், இழக்கும் கூலியையும் எந்தச் சட்டம் கணக்கிடும் என்பது வேறு விஷயம். அதையும் அம்மலை மக்களிடமே கேட்கவேண்டும்.

ஈவ்லின் அம்மையாருக்கு 93 வயதானபோது குதிரையேற முடியாமற் போயிற்று. ஊழியம் நின்றுவிடும் என்று எவரேனும் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பர். மலையூர் ஆடவர்கள் இரு மூங்கில்களுக்கிடையே தூளி கட்டி, அதில் அவரை வைத்துத் தோளில் சுமந்துகொண்டு ஊர்விட்டு ஊர் சென்றனர். இரண்டாண்டு காலம் இது நடந்தது. 1913-இல் மலையேறிய அன்று தமக்கென அமர்த்தப்பட்ட டோலியில் ஏறாமல் மழையில் நடந்து சென்றவர், அறுபதாண்டு கழித்து அம்மக்களின் தோள்மேல் ஏறினார். தமக்கு உதவி தேவை என்பதை ஒப்புக்கொள்ள எளிதில் இசையாத அவர், அவர்களிடம் மட்டும் அதை ஏற்றுக்கொண்டார். முன்னே தாமும் கணவரும் கஞ்சி ஊட்டிய வீடுகளின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருந்திருப்பர்.

1974-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் தமது 95-ஆவது வயதில் அவர் இறந்தார். சவப்பெட்டி வேண்டாம், சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி மண்ணோடு மண்ணாகப் புதைத்துவிடுங்கள் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தார். அவ்வாறே வாழவந்தியில், 45 ஆண்டுகளாகக் காத்திருந்த ஜெஸ்ஸி துரையின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தனர்.